சொல்லாமல் திரும்பிப் போகிறவர்கள்

லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1999 நவம்பரில் பூ டாட் காம் என்ற இணையத் துணிக்கடை திறந்தது. ஸ்வீடன் நாட்டுக்காரர்களான எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டென், காய்சா லியாண்டர், பாட்ரிக் ஹெடலின் மூவரும் சேர்ந்து ஆரம்பித்த கடை அது. பணத்துக்குக் குறைவில்லை. ஜே.பி. மார்கன், கோல்ட்மன் சாக்ஸ், இத்தாலியின் பெனட்டன் குடும்பம், பிரான்சின் பெர்னார் அர்னோ என்று பெரிய புள்ளிகள் முதல் போட்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் 18 நாடுகளில் கடை விரித்தார்கள். எல்லாம் ஆறரை மாதம்தான். 2000 மே 18 அன்று கடையை இழுத்து மூடியபோது சுமார் 13.5 கோடி டாலர் கரைந்துபோயிருந்தது.

தளம் அசிங்கமாக இருந்தது என்று யாரும் குறை சொல்லவில்லை. உடையைச் சுழற்றி எல்லாப் பக்கமும் பார்க்கலாம். மிஸ் பூ என்ற கார்ட்டூன் பெண் கூடவே வந்து பேச்சுக் கொடுப்பாள். அன்றைய தொழில்நுட்பத்தில் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் அப்போது வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணையம். மோடம் நன்றாக வேலை செய்தால் நொடிக்கு 56 கிலோபிட், அதாவது ஏழு கிலோபைட். 300 கிலோபைட் எடையுள்ள ஒரு பக்கம் முழுதாக வந்து சேர நாற்பது நொடிக்கு மேல் பிடிக்கும். பூவின் முகப்புப் பக்கம் பலருக்கு நிமிடக் கணக்கில் வராமல் நின்றது. மெக்கின்டாஷ் கணினி வைத்திருந்தவர்களுக்குத் தொடக்கத்தில் தளம் வேலையே செய்யவில்லை.

வடிவமைப்பு மட்டும்தான் அந்தக் கடையைக் கவிழ்த்தது என்று எழுதினால் அது நியாயமாகாது. விளம்பரத்துக்கும் ஆடம்பரத்துக்கும் அள்ளி இறைத்தார்கள்; மே மாதம் திறக்க வேண்டிய கடை நவம்பருக்குத் தள்ளிப்போனது; எத்தனையோ மொழிகளையும் நாணயங்களையும் ஒரே சமயத்தில் கையாளப் பார்த்தார்கள். ஆனால் இணையத்தில் உடை விற்க முடியாது என்பதற்கு அது சான்றல்ல. பூ மூடிய அடுத்த மாதமே, அதே லண்டனில், நடாலி மாஸ்னே நெட்-அ-போர்ட்டரைத் தொடங்கினார். பத்திரிகையைப் புரட்டுவதுபோலப் பார்த்து, பிடித்ததை அப்படியே வாங்கும்படி எளிமையாக அமைந்த தளம் அது. பத்தாண்டு கழித்து ரிஷ்மோன்ட் குழுமம் அதை 35 கோடி பவுண்டு மதிப்பிட்டு வாங்கியது. ஏசாஸ் என்ற இணையத் துணிக்கடையும் 2000 ஜூனில், லண்டனில்தான் பிறந்தது. ஊரும் காலமும் வாடிக்கையாளர்களும் மூன்று கடைக்கும் ஒன்றுதான்.

தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருப்பவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் பார்க்கிறார். நாலு புடவையைப் பிரித்துப் பார்த்த பெண்மணி எழுந்துவிட்டால், “என்னம்மா, பிடிக்கலையா? வேற கலர் காட்டச் சொல்லட்டுமா?” என்று கேட்க முடிகிறது. ஒரே மாதத்தில் பத்துப் பேர் மாடிப்படியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் லிஃப்ட் வைக்க வேண்டும் என்று புரிந்துவிடுகிறது. இணையக் கடைக்காரருக்கு இந்தக் கண் இல்லை. வாங்கியவர் கணக்கில் வருகிறார். வாங்காமல் போனவர் ஏன் போனார் என்பது, அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் ஏற்பாடு செய்தாலொழிய, ஒருநாளும் தெரியவராது. அவர் புகார் எழுதுவதில்லை, சண்டை போடுவதில்லை. அடுத்த தளத்துக்குப் போய்விடுகிறார். நிறமும் படமும் எழுத்துருவும் வடிவமைப்பில் ஒரு சிறு பங்குதான். இப்படிக் கண்ணில் படாமல் போகிறவர் எந்த இடத்தில் தயங்கினார் என்று தேடிப்போய்ப் பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்வதுதான் அதில் பெரிய வேலை. வணிகத்தின் தலையெழுத்து அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று ஒரு பொத்தானைப் பற்றியது. அமெரிக்க ஆய்வாளர் ஜாரட் ஸ்பூல் 2009இல் அதை எழுதினார். பெயர் சொல்லாத ஒரு பெரிய இணைய அங்காடியில் பொருள்களைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போனால், நடுவில் ஒரு சிறு படிவம் வரும். மின்னஞ்சல், கடவுச்சொல் என இரண்டு கட்டங்கள்; உள்நுழைய ஒரு பொத்தான், புதிதாகப் பதிவு செய்ய ஒரு பொத்தான்; கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஓர் இணைப்பு. அவ்வளவுதான். அடிக்கடி வாங்குகிறவர்களுக்கு வசதியாக இருக்கும், புதியவர்களும் ஒருமுறை பதிந்துகொண்டால் போதும் என்று நினைத்தே வைத்திருந்தார்கள்.

ஸ்பூலின் குழு வாங்க வந்தவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோது நடந்தது வேறு. புதியவர்கள் அந்தப் படிவத்தைக் கண்டதும் எரிச்சலடைந்தார்கள். ஒரு பொருள் வாங்க வந்த இடத்தில் எதற்காகத் தன் விவரங்களைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. பழைய வாடிக்கையாளர்கள் நிலைமை இன்னும் மோசம். எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம், என்ன கடவுச்சொல் வைத்தோம் என்று நினைவில்லை. தரவுகளைப் புரட்டிப் பார்த்தால், வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தார்கள். சிலர் பத்து வரை. கடவுச்சொல் கேட்டு ஒரு நாளைக்கு 1,60,000 பேர் விண்ணப்பித்தார்கள். அப்படிக் கேட்டவர்களில் நாலில் மூன்று பங்கினர் அந்தப் பொருளை வாங்க மறுபடி முயலவே இல்லை.

செய்த மாற்றம் சின்னது. பதிவுப் பொத்தானை எடுத்துவிட்டு, ‘தொடரவும்’ என்று ஒரு பொத்தானை வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை, விரும்பினால் பிறகு ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் மாதம் 1.5 கோடி டாலர், முதல் ஆண்டில் 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை. பல ஆண்டுகளாக அந்தப் பணம் அந்தப் படிவத்தின் வாசலில் நின்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நிறுவனத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

இந்தப் பாடம் ஊரறிய அச்சாகி ஐந்தாண்டு கழித்து, பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அதே இடத்தில் தடுக்கியது. அமேசானின் தொழில்நுட்பத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் தளத்தைச் சொந்தத் தளமாக மாற்ற அந்த நிறுவனம் 15 கோடி பவுண்டு செலவழித்தது. 2014 பிப்ரவரியில் புதிய தளம் வந்தது. பத்திரிகைபோல அழகான பக்கங்கள், பெரிய படங்கள். ஆனால் பழைய தளத்தில் பதிந்திருந்த சுமார் 60 லட்சம் வாடிக்கையாளர்களும் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூன் 28 வரையான 13 வாரங்களில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. பிற்பாடு அவர்கள் மீண்டுவிட்டார்கள். ஆனாலும் எண்ணிப் பாருங்கள்: ஆண்டாண்டாகத் தங்களிடமே வாங்கிவந்த மனிதரைப் பார்த்து ‘நீங்கள் யார்?’ என்று கேட்கும் தளத்தைக் கட்டுவதற்கு 15 கோடி பவுண்டு.

படிவம் என்றதும் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சோதனை இருக்கிறது. சா. முருகன் என்பவர் ஒரு தளத்தில் பொருள் வாங்க உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள்; இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும்தான். கடைசிப் பெயரில் அந்த ஓர் எழுத்தைப் போடுகிறார். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் வருகிறது. எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைக்கிறார். சிறப்புக் குறிகள் கூடாது என்கிறது. சலித்துப்போய்த் தகப்பனார் பெயரை முழுதாக அடிக்கிறார், தளம் ஏற்றுக்கொள்கிறது. இப்போது வங்கியிலும் ஆதாரிலும் உள்ள பெயரும் இதுவும் ஒத்துப்போகாமல் அடுத்த படியில் சரிபார்ப்பு விழுந்துவிடுகிறது. அஞ்சல் குறியீட்டை நாம் வழக்கமாக எழுதுவதுபோல மூன்று எண்ணுக்குப் பிறகு இடைவெளி விட்டு எழுதினால் அதுவும் தவறாம். அந்த இடைவெளியைத் தானே நீக்கிக்கொள்ளும்படி நிரலில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. ஜப்பானில் வேலை பார்த்த பாட்ரிக் மெக்கன்சி என்ற நிரலாளர், பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் கொண்டிருக்கும் பிழையான நம்பிக்கைகளை 2010இல் நீண்ட பட்டியலாகவே போட்டார். எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பதும் அதில் ஒன்று. சென்னையிலும் கோவையிலும் எழுதப்படும் தளங்கள்கூட இந்த நம்பிக்கையை இன்னும் விடவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். எழுதுகிறவரின் சொந்தப் பெயரையே ஏற்காத படிவத்தை அவர் எப்படித்தான் மனமொப்பி எழுதுகிறார்?

இன்னொரு இடமும் உண்டு. பணம் கட்டும்போது ஓடிபி வருகிறது. வாங்குகிறவர் அதைப் பார்க்கக் குறுஞ்செய்திப் பக்கத்துக்குப் போகிறார். விலை குறைந்த செல்போனில் நினைவகம் சிறியது. அந்த நேரத்தில் கடையின் பக்கத்தைப் போன் தூக்கி எறிந்துவிடுகிறது. ஆறு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தால், பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது. முகவரி போய்விட்டது. கூடை காலி. பணம் பிடித்துவிட்டார்களா இல்லையா என்ற பயம் வேறு. எண் அடிக்க வேண்டிய கட்டத்தைத் தொட்டதும் எண் பலகை வருவதும், குறுஞ்செய்தியில் வந்த எண் தானாக அந்தக் கட்டத்தில் விழுவதும், நிரப்பிய விவரங்கள் போனிலேயே பத்திரமாக இருப்பதும் பெரிய தொழில்நுட்பமல்ல. கட்டத்துக்கு இது இன்ன வகை என்று ஒரு குறிப்பு எழுதினால் உலாவியே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்த நிமிடத்தில் அந்த மனிதரின் கையில் என்ன நடக்கிறது என்று யோசித்த ஒருவர் அணியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவில் இப்படி யோசிக்கத் தவறியதும், தவற்றைத் திருத்திக்கொண்டதும் 2015இல் பெரிய அளவில் நடந்தன. எல்லோரிடமும் செல்போன் வந்துவிட்டது, இனிச் செயலிதான் எல்லாம் என்று ஃபிளிப்கார்ட் முடிவு செய்தது. மார்ச் மாதம் தன் மொபைல் இணையதளத்தை மூடி, வந்தவர்களைச் செயலியை இறக்கிக்கொள்ளும்படி அனுப்பியது. அதன் துணை நிறுவனமான மிந்த்ரா இன்னும் ஒரு படி மேலே போய், மே 15 முதல் கணினித் தளத்தையும் மூடியது. நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் காரணங்கள் உண்டு. செயலியை வைத்திருப்பவருக்கு அறிவிப்பு அனுப்பலாம், அவர் பழக்கங்களை அறியலாம், வேறு கடைக்குப் போகாமல் பிடித்து வைக்கலாம். வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு. ஜியோ வருவதற்கு முந்தைய காலம் அது. டேட்டா விலை அதிகம். பலரிடம் இருந்த போனில் இடம் குறைவு. ஒரு செயலியை ஏற்ற வேண்டுமென்றால் குழந்தையின் புகைப்படங்களை அழிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு சட்டை வாங்க யார் அதைச் செய்வார்கள்?

அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் மொபைல் தளம் திரும்பி வந்தது. இந்த முறை கூகுளின் குரோம் அணியோடு சேர்ந்து, செயலிபோல வேகமாக இயங்கும் இணையதளமாகக் கட்டினார்கள். ஒருமுறை வந்தவரின் போனில் பக்கத்தின் எலும்புக்கூடு தங்கிவிடும். மறுமுறை வரும்போது புதிய விவரங்கள் மட்டும் இறங்கினால் போதும். கூகுள் வெளியிட்ட கணக்குப்படி, லைட்டுக்கு வந்தவர்களில் 63 சதவீதம் பேர் 2ஜியில் வந்தார்கள். டேட்டா செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. முன்பு சராசரியாக 70 நொடி இருந்தவர்கள் மூன்றரை நிமிடம் இருந்தார்கள். தளத்தின் குறியை முகப்புத் திரையில் வைத்துக்கொண்டு அதன் வழியே வந்தவர்களில் வாங்கியோர் விகிதம் மற்றவர்களைவிட 70 சதவீதம் அதிகம். மிந்த்ராவும் 2016 ஜூனில் கணினித் தளத்தை மறுபடி திறந்தது. அந்த 63 சதவீதத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மார்ச் மாதம் கதவைச் சாத்தியபோது அவர்கள் எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருந்தவர்கள்.

வடிவமைப்பின் பலனைப் பற்றிய சான்றுகள் ஏராளம். அவற்றில் நம்பத்தக்கவை எவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெக்கின்சி நிறுவனம் 300 கம்பெனிகளை ஐந்தாண்டு ஆராய்ந்து 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வடிவமைப்பில் முன்னணியில் இருந்த கால்பங்கு நிறுவனங்களின் வருவாய் வளர்ச்சி, அதே துறையிலுள்ள மற்றவற்றைவிட 32 சதவீதப் புள்ளி அதிகம் என்றது. மேடைகளில் அடிக்கடி காட்டப்படும் எண் இது. ஆனால் நன்றாகச் சம்பாதிக்கும் நிறுவனத்துக்குத்தான் நல்ல வடிவமைப்பாளரை வைத்துக்கொள்ளவும் வசதி இருக்கும். எது காரணம், எது விளைவு என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய பக்கத்தையும் பாதிப் பேருக்குப் புதிய பக்கத்தையும் காட்டிப் பார்ப்பதுதான் உருப்படியான சோதனை. இத்தாலியில் வோடஃபோன் அப்படிச் செய்தது. இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றில் மட்டும் முக்கியமான பகுதி கண்ணுக்குத் தெரியும் நேரத்தை 31 சதவீதம் குறைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களிடம் விற்பனை 8 சதவீதம் கூடுதல்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான ரெட்பஸ்ஸும் வேகத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறது. தீபாவளிக்கு ஊர் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் பெங்களூருவில் மாட்டிக்கொண்ட பணீந்திர சாமா, நண்பர்களோடு 2006இல் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு முன்னால் ஆம்னி பஸ்ஸுக்கு ஏஜெண்டிடம் போய் நின்றால், அவர் நாலு டிராவல்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டு, கடைசி வரிசையா ஜன்னல் ஓரமா என்று தெரியாமலே ஒரு சீட்டைக் கையில் திணிப்பார். பஸ்ஸின் உள்ளமைப்பைத் திரையில் படமாக வரைந்து, எந்த இருக்கை காலி, எது பெண்களுக்கு என்று காட்டியது வடிவமைப்பின் வேலைதான். அதில்தான் மக்கள் நம்பிக்கை பிறந்தது. 2023இல் அந்த நிறுவனம், விரல் தொட்ட பிறகு திரை பதில் சொல்ல எடுக்கும் நேரத்தைக் குறைத்தது. விற்பனை 7 சதவீதம் உயர்ந்ததாக அறிவித்தார்கள். தொட்டதும் அசையாத பொத்தானை மனிதர் மறுபடி தொடுவார், பிறகு சந்தேகப்படுவார். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தச் சந்தேகம் போதும்.

முதல் பார்வையைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்ட் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பக்கம் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற எண்ணம் 50 மில்லிநொடியில் உருவாகிவிடுகிறது என்று காட்டியது. ஸ்டான்ஃபோர்டின் பி.ஜே. ஃபாக் குழு 2002இல் 2,684 பேரிடம், தளங்களை ஏன் நம்புகிறீர்கள், ஏன் நம்பவில்லை என்று எழுதச் சொன்னது. 46.1 சதவீதக் கருத்துகள் தோற்றத்தைப் பற்றியவை. இதை வைத்து, பளபளப்பாக இருந்தால் போதும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அதே காலத்தில் மருத்துவ, நிதித்துறை வல்லுநர்களிடம் செய்த இணை ஆய்வில், அவர்கள் தோற்றத்தைவிட யார் சொல்கிறார்கள், எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள் என்பதையே பார்த்தார்கள் என்று தெரிந்தது. விஷயம் தெரிந்தவரிடம் பளபளப்பு அதிக தூரம் செல்லாது.

அப்படியானால் அழகே இல்லாத தளங்கள் ஜெயிப்பது எப்படி என்று கேட்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் க்ரேக் நியூமார்க் 1995இல் ஆரம்பித்த க்ரேக்ஸ்லிஸ்ட் இன்றும் வெறும் நீல எழுத்து வரிசைதான். என் பார்வையில் அது நன்கு வடிவமைத்த தளம். கண் இமைக்கும் நேரத்தில் திறக்கிறது, தேடியது இருக்கும் இடத்தில் இருக்கிறது, பத்தாண்டுக்கு முன் வந்தவரும் வழி தடுமாறுவதில்லை. ஐஆர்சிடிசி வேறு ரகம். 2002 ஆகஸ்டில் இணைய டிக்கெட் விற்கத் தொடங்கியதிலிருந்து, காலைத் தத்கால் நேரத்தில் அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டாத தமிழர் குறைவு. 2014இல் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறனை 7,200 ஆக உயர்த்தினார்கள், நிலைமை மேம்பட்டது. ஆனாலும் மக்கள் அங்கே போவது வடிவமைப்பைப் பார்த்து அல்ல. இணையத்தில் ரயில் டிக்கெட் முன்பதிவுக்கு வேறு வாசல் இல்லை. மற்ற நிறுவனங்கள் விற்றாலும் இதன் வழியாகத்தான் விற்க வேண்டும். ஏகபோகம் உள்ள இடத்தில் மோசமான வடிவமைப்பின் நஷ்டம் நிறுவனத்துக்கு வருவதில்லை, பயணிகளின் தலையில் விழுகிறது. போட்டி உள்ள தொழிலில் இருப்பவர் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விற்பனையை அளக்கத் தெரிந்துவிட்டால் இன்னொரு ஆசையும் கூடவே வருகிறது: வாடிக்கையாளரை ஏமாற்றினாலும் எண் உயரத்தான் செய்கிறது. இரண்டே அறைதான் பாக்கி என்று பொய்யாகப் பயமுறுத்துவது, கேட்காமலே காப்பீட்டைக் கூடையில் போடுவது, சேருவதை ஒரு தொடுதலாகவும் விலகுவதைப் பத்துத் தொடுதலாகவும் வைப்பது. பிரிட்டன் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்து அம்பலப்படுத்தினார். அமேசான் பிரைமிலிருந்து விலகும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே இலியட் என்று பெயர் வைத்திருந்தார்கள், முடிவே இல்லாமல் நீளும் கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயர். நாலு பக்கம், ஆறு தொடுதல், பதினைந்து தெரிவுகள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பரில் அமேசான், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலர் தர இணங்கியது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம். இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. அவற்றில் பலவற்றை இப்போதும் எந்தப் பயண, சினிமா, மளிகைச் செயலியிலும் பார்க்கலாம். இதைத் திறமை என்று பாராட்டும் தொழில் ஆலோசகர்களோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. தயங்கி நின்றவரின் தயக்கத்தைத் தீர்த்து விற்பது ஒன்று. அவர் கவனக்குறைவில் கைவைப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதில் வந்த வருமானத்தை வளர்ச்சி என்று கணக்கெழுதுகிறவர், பிறகு வரப்போகும் அபராதத்தையும் அவப்பெயரையும் அதே ஏட்டில் எழுதி வைக்க வேண்டும்.

வாசலிலேயே நின்றுவிடுகிறவர்கள் யார் யார் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டுக்கே எடுத்துச் சொன்னது. வங்கிக் கணக்கோ சிம் கார்டோ வாங்க, உயிரோடு இருக்கிறீர்கள் என்று காட்டக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? பார்வையற்றவர் திரையில் வட்டத்துக்குள் முகத்தை எப்படிப் பொருத்துவார்? நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், இணையவழிச் சேவைகளைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேரும் என்று தீர்ப்பளித்து, 20 கட்டளைகளையும் பிறப்பித்தார்கள். அந்தத் தீர்ப்பை உரிமை நோக்கில் படிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. வணிகர்களும் படிக்க வேண்டும். கணக்குத் திறக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியது ஒரு பக்கத்தின் வடிவமைப்பு.

மொழியும் அப்படித்தான். கேபிஎம்ஜியும் கூகுளும் 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2016இலேயே இந்திய மொழிகளில் இணையம் பயன்படுத்தியோர் 23.4 கோடி, ஆங்கிலத்தில் பயன்படுத்தியோர் 17.5 கோடி. ஃபிளிப்கார்ட் 2020 ஜூனிலும் அமேசான் செப்டம்பரிலும் தமிழில் வந்தன. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுவதும், வரிக்கு வரி இடம் போதாமல் மேலுள்ள புள்ளியும் கீழுள்ள சுழியும் முட்டிக்கொள்வதும் கண்ணில் படும் குறைகள்; திருத்திவிடலாம். கண்ணில் படாத குறை வேறு. முகப்பும் பொருள் பட்டியலும் தமிழில் இருக்கும். பணம் போய்ப் பொருள் வராத நேரத்தில் வரும் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். பொருளைத் திருப்பித் தரும் விதிகளும் ஆங்கிலத்தில்தான். தமிழ் எங்கே மிகவும் தேவையோ சரியாக அங்கே போய் நின்றுவிடுகிறது. அப்படி ஒருமுறை மாட்டிக்கொண்டவர் அடுத்த முறை தெருமுனைக் கடைக்கே போகிறார், அங்கே விலை கூடுதல் என்று தெரிந்தும்.

ஈரோட்டில் மஞ்சள் விற்பவருக்கும் திருப்பூரில் பனியன் தைப்பவருக்கும் மெக்கின்சியோ கூகுளோ கிடைக்கப்போவதில்லை. தேவையும் இல்லை. இணையதளப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதிப் புகழ்பெற்ற கணக்கு ஒன்று இருக்கிறது: ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே ஒரு தளத்தின் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும். சதவீதத்தைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் விவாதித்தார்கள். ஆனால் ஒருவர்கூடப் பார்க்காத தளத்துக்கும் ஐந்து பேர் பார்த்த தளத்துக்கும் உள்ள இடைவெளியை யாரும் மறுக்கவில்லை. ஐந்து பேரும் கடைக்காரரின் மருமகனாகவோ தளம் கட்டிக் கொடுத்தவரின் நண்பராகவோ இருக்கக் கூடாது. பொருளை உண்மையிலேயே வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய சொந்தப் போனில், அவர்களுடைய டேட்டாவில், முதல் பக்கத்திலிருந்து பணம் கட்டுவது வரை செய்யச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் மிகக் கடினம். கை தவறான இடத்துக்குப் போகும்போது, “அங்க இல்லைங்க, மேல பாருங்க” என்று நாக்கு நுனிவரை வரும். சொல்லிவிட்டால் அந்தக் குறை மறுபடி மறைந்துவிடும். விரல் எங்கே நின்றது, எந்த வரியை இரண்டு தடவை படித்தார், எப்போது போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார் என்று தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

15 பேரை ஒரே சமயத்தில் உட்கார வைப்பதைவிட, ஐந்து ஐந்து பேராக மூன்று தடவை, இடையிடையே திருத்திவிட்டு உட்கார வைப்பது மேல் என்பதும் நீல்சன் சொன்னதுதான். முதல் ஐந்து பேர் பதிவுப் படிவத்தில் நின்றிருப்பார்கள். அதை எடுத்துவிட்டால், அடுத்த ஐந்து பேர் அதைத் தாண்டி வந்து, கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று சேருவதைப் பார்த்து நிற்பார்கள். அந்தக் கட்டணத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு, மூன்றாவது ஐந்து பேரை அழைக்கலாம்.